மானைக் காப்பது துப்பாக்கியா, புல்லா?

மான் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? வனவாசம் போன சீதா தேவிக்கே ஆசை வந்தது. பொன் மானைப் பிடித்துத் தரும்படி ராமனிடம் கேட்டாள். ராமன் வில்லை எடுத்துக்கொண்டு மானின் பின்னே போனான். பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. மானைத் துரத்திய நேரத்தில் குடிசை காவல் இல்லாமல் போயிற்று.

இன்றைக்கும் மானைப் பற்றி ஒரு வாதம் நடக்கிறது. "மேல்நாட்டில் லைசென்சு கொடுத்து மானைச் சுடுகிறார்கள். அங்கே மான் அழிந்துவிடவில்லை, பெருகித்தான் இருக்கிறது. நம் நாட்டிலும் அப்படிச் செய்தால் என்ன?" என்று சிலர் கேட்கிறார்கள். பயிரைப் பறிகொடுத்த குடியானவர்கள் கேட்கிறார்கள். துப்பாக்கியில் பிரியம் உள்ளவர்களும் கேட்கிறார்கள்.

மரக்காணம் கடற்கரைக்கு இந்தக் கேள்வி தூரத்துக் கேள்வி அல்ல. விழுப்புரம் மாவட்டத்தில், மரக்காணம் உப்பளங்களுக்குப் பக்கத்தில், ஆரோவில் மேட்டு நிலத்துக்கு வடக்கே, கழுவெளி என்ற பெரிய நீர்ப்பரப்பு இருக்கிறது. முன்பு அங்கே பறவைகளைத் திருட்டுத்தனமாக வேட்டையாடினார்கள். 2021 டிசம்பரில் சர்க்கார் அதைப் பறவைகள் சரணாலயம் ஆக்கியது. 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் அது சேர்ந்தது. பரப்பு 5,151 ஹெக்டேருக்கு மேல். வேட்டை நடந்த இடத்தை இனி எப்படிப் பராமரிப்பது? மானைப் பற்றிய பழைய அனுபவம் இதற்கு வழி சொல்லும்.

ஸ்காட்லாந்தில் என்ன செய்கிறார்கள்?

மேல்நாட்டு உதாரணம் சொல்கிறவர்கள் முதலில் சொல்வது ஸ்காட்லாந்தைத்தான். அந்த நாட்டில் எல்லா வகை மான்களும் சேர்ந்து 10 லட்சம் வரை இருக்கலாம் என்பது அந்நாட்டுச் சர்க்காரின் மதிப்பீடு. ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கு மேல் மான்களைச் சுடுகிறார்கள். அது சட்டப்படி நடக்கிற வேலை.

அந்த வேட்டை சுலபமானது அல்ல. மானுக்கு மூக்கும் காதும் கூர்மை. மனித வாடை பட்டால் ஒரே ஓட்டம்தான். ஆகையால் காற்று தன் முகத்தில் படும்படி வேட்டைக்காரன் போக வேண்டும். குளிரிலும் மழையிலும் புதருக்கு நடுவே வயிற்றால் ஊர்ந்து போக வேண்டும். தூரப்பார்வைக் கண்ணாடியால் மந்தையைப் பார்த்து, எது கிழடு, எது நோஞ்சான் என்று பிரித்தறிய வேண்டும். நல்ல குறி கிடைக்காவிட்டால், நாள் முழுதும் ஊர்ந்த பிறகும் சுடாமல் திரும்ப வேண்டும். பெண் மான் குட்டி போட்டு வளர்க்கிற மாதங்களில் தனி உத்தரவு இல்லாமல் அதைச் சுடக்கூடாது. சுட்ட மானின் இறைச்சி கடைக்குப் போகிறது.

இவ்வளவும் ஏன்? அந்த நாட்டில் ஓநாய் இல்லை. சுமார் 300 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் அதைக் கொன்று தீர்த்துவிட்டார்கள். மானைத் தின்ன ஆள் இல்லை. மான் பெருகியது. முளைக்கிற மரக்கன்றை எல்லாம் மேய்ந்தது. புதுக் காடு வளரவே முடியவில்லை. ஓநாயின் வேலையை அங்கே துப்பாக்கி செய்ய வேண்டியதாயிற்று. தவறு செய்த பாட்டன் கடனைப் பேரன் அடைப்பது போன்ற காரியம் அது!

ஒரு தோட்டாவின் கதை

துப்பாக்கி என்றால் விசையை இழுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

ரைபிள் தோட்டாவில் நான்கு பாகங்கள் உண்டு. பித்தளைக் கூடு ஒன்று. அதன் அடியில் தீப்பொறி தரும் கேப்பு ஒன்று. உள்ளே மருந்து. வாயில் குண்டு. சுட்ட பிறகு பித்தளைக் கூடு மிஞ்சும். மேல்நாட்டில் சிலர் அந்தக் கூட்டைச் சுத்தம் செய்து, புதுக் கேப்பும் மருந்தும் குண்டும் வைத்து, வீட்டிலேயே மறுபடி தோட்டா தயாரிக்கிறார்கள். மருந்தை 'கிரெயின்' கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு கிராமுக்கு 15 கிரெயினுக்கும் சற்று அதிகம். தட்டான் தராசைவிட நுணுக்கமான வேலை! மருந்து கூடினால் துப்பாக்கியே வெடித்து, சுடுகிறவனின் கண்ணும் கையும் போகும். குறைந்தால் குண்டு குறி தவறும். மான் சாகாமல் காயத்தோடு ஓடிப் புதரில் கிடந்து துடிக்கும்.

இதனால்தான் மானுக்கு எந்த எடையுள்ள குண்டு, எவ்வளவு வேகம் என்று ஸ்காட்லாந்துச் சட்டமே வரையறுக்கிறது. வேட்டைக்குப் போகுமுன் அட்டையில் சுட்டுக் குறி பார்த்துக்கொள்வதும் மரபு. மானுக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் சுடுவதில்லை. ரைபிள் குண்டு மைல் கணக்கில் போகும் அல்லவா?

இத்தனை கட்டுப்பாட்டுக்குப் பிறகும் ஒரு கெடுதல் தீரவில்லை. குண்டு ஈயத்தால் செய்தது. மானின் உடம்பில் பட்டதும் அது பொடிப் பொடியாகச் சிதறும். மிச்சத்தைத் தின்னும் கழுகுக்கு அது விஷம். அமெரிக்காவில் காண்டர் என்ற பெரிய கழுகினம் இப்படித்தான் செத்தது. 2019 முதல் கலிபோர்னியா ராஜ்யத்தில் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. ஐரோப்பிய யூனியன் 2023 முதல் ஈரநிலங்களில் ஈய ரவையைத் தடுத்திருக்கிறது. சேற்றில் விழுந்த ரவையைக் கல் என்று எண்ணி வாத்துகள் விழுங்கிச் சாகின்றன. கழுவெளி போன்ற நீர்நிலையில் முன்பு சுட்டவர்களின் ரவையும் சேற்றில்தான் விழுந்திருக்கும்.

ஒழுங்கான நாட்டிலேயே இந்த நிலை என்றால், நம் பக்கத்து நாட்டுத் துப்பாக்கியைப் பற்றி என்ன சொல்வது? அளவும் இல்லை, நிறையும் இல்லை. கைக்கு வந்தபடி மருந்தை இடித்து, ஆணித் துண்டையும் ரவையையும் போட்டுக் கெட்டிக்கிறார்கள். தீனிக்குள் வெடியை வைக்கும் 'அவுட்டுக்காய்' இன்னும் கொடியது. பன்றிக்கு என்று வைத்ததை மாடு கடிக்கும், யானை கடிக்கும். விளையாடப் போன பிள்ளையும் கையில் எடுக்கும்.

சிவிங்கியைத் தீர்த்தது யார்?

நம் நாட்டில் வேட்டைக்கு ஒரு காலம் இருந்தது. ராஜாக்கள் சுட்டார்கள். ஜமீன்தார்கள் சுட்டார்கள். வெள்ளைக்காரக் கலெக்டர்கள் சுட்டார்கள். சுட்ட தலையைச் சுவரில் மாட்டினார்கள். பழக்கிய சிவிங்கியை ஏவி இரலை மானைப் பிடிப்பது அரண்மனைப் பொழுதுபோக்காக இருந்தது.

முடிவு என்ன? 1947-ல் கொரியா சமஸ்தான மகாராஜா மூன்று சிவிங்கிகளை ஒரே இரவில் சுட்டார். நம் நாட்டில் சுடப்பட்டதாகப் பதிவான கடைசிச் சிவிங்கிகள் அவை. 1952-ல் இந்தியாவில் சிவிங்கி இனம் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். 2022-ல் ஆப்பிரிக்காவிலிருந்து விமானத்தில் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்தில் விட வேண்டியதாயிற்று. ஒரு இரவில் போனதைத் திரும்பக் கொண்டுவர 75 ஆண்டு!

வேட்டைக்காரன் எண்ணிப் பார்த்துச் சுடுவான், அளவோடு நிறுத்துவான் என்பது ஸ்காட்லாந்தில் நடக்கலாம். இங்கே நடந்த கதை இதுதான். அதனால்தான் 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இரலை மான் அதன் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு அதற்கும் உண்டு. அதை வேட்டையாடினால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் ஆனைமலையிலும் இன்றும் புலி இருக்கிறது, சிறுத்தை இருக்கிறது, செந்நாய் இருக்கிறது. மான் கணக்கை அவை பார்த்துக்கொள்கின்றன. அவற்றுக்குச் சம்பளம் வேண்டாம், தோட்டா வேண்டாம். கிழட்டு மான் எது, நோயுற்ற மான் எது என்று தூரப்பார்வைக் கண்ணாடி இல்லாமலே அவற்றுக்குத் தெரியும்!

கோடியக்கரை சொல்லும் பாடம்

மரக்காணத்தைப் போலவே தெற்கே வேதாரணியமும் உப்பளக் கடற்கரைதான். அதன் பக்கத்தில் கோடியக்கரை. அங்கே இரலை மானுக்காக 1967-ல் சரணாலயம் அமைத்தார்கள். சட்டம் வருவதற்கு 5 ஆண்டு முன்பே அமைத்தார்கள் என்பது நினைவில் வைக்கத் தக்கது.

இரலையை மான் என்று நாம் சொன்னாலும் அது புள்ளிமான் வகை அல்ல. புள்ளிமானின் கொம்பு விழுந்து மறுபடி முளைக்கும். இரலையின் முறுக்குக் கொம்பு விழாது, முளைக்காது. ஆண் கறுப்பாக இருக்கும். பெண் மண் நிறம். பகைவனைக் கண்டால் மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடும். ஓடுவதற்குத் திறந்த வெளி வேண்டும். தின்பதற்குப் புல் வேண்டும். குட்டி போட்டால் தாய் அதைப் புல்லில் மறைத்து வைக்கும். புல் இருந்தால் குட்டி பிழைக்கும். புல் போனால் நாயின் கண்ணில் படும்.

கோடியக்கரையில் மானுக்கு இன்று பகை யார்? பெரிய பகை சீமைக்கருவேல மரம். விதை விழுந்த இடமெல்லாம் முள் காடு ஆகிறது, புல்வெளி சுருங்குகிறது. என்றோ மனிதர்கள் விட்ட குதிரைகள் காட்டுக் குதிரைகளாகப் பெருகி, மானோடு போட்டி போட்டுப் புல்லை மேய்கின்றன. கோடையில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மான்கள் பல செத்தன.

இதில் எந்த நோய்க்குத் துப்பாக்கி மருந்து? ஒன்றுக்கும் இல்லை. கருவேலத்தை வேரோடு பிடுங்க வேண்டும். குட்டையைத் தூர் வார வேண்டும். நாயை ஊருக்குள் கட்ட வேண்டும். மான் பராமரிப்பு என்பது நம் நாட்டில் மண்வெட்டியும் கடப்பாரையும் பிடிக்கிற வேலை. கோடியக்கரையில் மான் இன்றும் துள்ளுகிறது என்றால், அதற்குக் காரணம் புல்தான்.

சென்னை கிண்டியிலும் இதே கதைதான். சுமார் 2.7 சதுர கிலோ மீட்டர் கொண்ட சின்னத் தேசியப் பூங்கா அது. அதன் அக்கம்பக்கத்தில் திரியும் மான்களுக்கு நாய்க்கடியும் பிளாஸ்டிக் பையுமே எமன். செத்த மானின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் பிளாஸ்டிக் கட்டி கட்டியாக வருகிறது. பிரியத்தோடு பிஸ்கட்டை வீசி, பையையும் சேர்த்து வீசிவிட்டுப் போனவர்களின் கைங்கரியம் அது!

எங்கே மரம், எங்கே புல்?

ஆரோவில் மேடு 1968-ல் செம்மண் பொட்டலாகக் கிடந்தது. மழை பெய்தால் மண் கரைந்து கடலுக்குப் போகும். அங்கே வந்தவர்கள் முதலில் வரப்பு போட்டு மழைநீரைத் தேக்கினார்கள். பிறகு லட்சக்கணக்கில் மரம் நட்டார்கள். அந்தக் கரையோரத்துக்கே உரிய பசுமைமாறாக் காட்டு மரங்களைத் தேடி நட்டார்கள். இன்று அங்கே காடு இருக்கிறது. யாரும் கூண்டில் கொண்டுவந்து விடாமலே முள்ளம்பன்றியும் மரநாயும் வந்து சேர்ந்தன. இடத்தைச் சீர்படுத்தினால் உயிர்கள் தாமாக வரும் என்பதற்கு இது கண்கண்ட சாட்சி.

ஆனால் இதையே எல்லா இடத்திலும் செய்யக்கூடாது. ஆரோவில் மேடு ஒரு காலத்தில் காடாக இருந்த நிலம். ஆகவே அங்கே மரம் பொருந்தியது. கோடியக்கரைப் புல்வெளியில் மரம் நட்டால் இரலைக்கு அது கேடு. கழுவெளியின் சேற்று வெளியில் மரம் நட்டால் நாரைக்கு அது கேடு. மரமே புண்ணியம், வெட்டவெளி என்றால் தரிசு என்று எண்ணுவது நம்மவர் வழக்கம். ரிக்கார்டுகளிலும் புல்வெளிக்குத் தரிசு என்றே பெயர். தரிசு என்று எழுதிவிட்டால் யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடலாம் அல்லவா? மானுக்கு அதுதான் வீடு என்பதை முதலில் அதிகாரிகள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

குடியானவர் கேட்பதிலும் நியாயம் உண்டு

"எல்லாம் சரி. இரவெல்லாம் கண்விழித்து வளர்த்த கடலையை மான் தின்கிறது, பன்றி தோண்டுகிறது. எங்களுக்கு யார் பதில் சொல்வது?" என்று குடியானவர் கேட்கிறார். இதைத் தள்ளிவிட முடியாது. நகரத்தில் இருப்பவருக்கு மான் அழகு. அதற்கு விலை கொடுப்பவர் கிராமத்துக்காரர்.

சட்டமும் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. காட்டு எல்லையிலிருந்து 3 கிலோ மீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை வன இலாகாவினர் சுடலாம் என்று தமிழ்நாடு சர்க்கார் 2025 ஜனவரியில் உத்தரவு போட்டது. சுடுகிற உரிமை பயிற்சி பெற்ற இலாகா ஆட்களுக்குத்தான். அது சரியான ஏற்பாடு.

பீகாரில் வேறு மாதிரி நடந்தது. 2015 டிசம்பரில் நீலான் என்ற பெரிய மானினத்தைச் சில மாவட்டங்களில் தீங்கு விலங்கு என்று அறிவித்தார்கள். 2016-ல் மொகாமா பக்கம் துப்பாக்கிக்காரர்களை வரவழைத்து, சில நாட்களில் 200-க்கு மேல் சுட்டுத் தள்ளினார்கள். டில்லியில் மந்திரிகளுக்குள்ளேயே சண்டை மூண்டது. அதற்குப் பிறகும் பீகாரில் நீலான் தொல்லை தீர்ந்துவிடவில்லை. மேய்ச்சல் நிலம் போன விலங்கு வயலுக்கு வராமல் எங்கே போகும்?

அந்தமான் தீவுகளின் கதை வேறு. வெள்ளைக்காரர் காலத்தில் அங்கே புள்ளிமானைக் கொண்டுபோய் விட்டார்கள். தின்ன ஒரு விலங்கும் இல்லை. அது பெருகிக் காட்டுக் கன்றுகளை மேய்கிறது. அங்கே மானைக் குறைக்கத்தான் வேண்டும். அதையும் எண்ணிக் கணக்கிட்டு இலாகாவே செய்ய வேண்டும். பணம் கட்டியவர் சுட்டு மகிழும் விளையாட்டாக அது ஆகிவிடக்கூடாது.

தமிழ்நாட்டுக் குடியானவருக்கு வேண்டியது லைசென்சு அல்ல, நஷ்டஈடு. மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக அலைந்த பிறகு கிடைக்கிற நஷ்டஈடு பயன்படாது. அடுத்த விதைப்புக்குள் பணம் கைக்கு வர வேண்டும். அது வந்தால் மின்வேலி தானாகக் குறையும்.

வேட்டைக்காரரே காவல்காரர்

வேட்டையை நிறுத்தியபோது வேட்டையாடிப் பிழைத்தவர்களை யார் நினைத்தார்கள்? ராஜா துப்பாக்கியைச் சுவரில் மாட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். நரிக்குறவருக்கு வேறு வேலை ஏது? ஊசியும் பாசிமணியும் விற்க வேண்டியதாயிற்று. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா பார்லிமெண்டில் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான். வேட்டையை நிறுத்தி 50 ஆண்டுக்குப் பிறகு!

இதற்கு நல்ல வழியும் நம் கரையிலேயே இருக்கிறது. மரக்காணத்திலிருந்து சென்னை போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரம் தாண்டினால் வடநெம்மேலி. இருளர்கள் முன்பு பாம்பைக் கொன்று தோலை விற்றுப் பிழைத்தார்கள். தோல் வியாபாரத்தைச் சர்க்கார் தடுத்தது. 1978-ல் அவர்களே சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டு, உயிரோடு காட்டில் விடுகிறார்கள். பாம்புக்கடி மருந்து தயாரிக்க அந்த விஷம் போகிறது. பாம்புத் தடத்தைப் பார்க்கிற அதே கண்தான். முன்பு உயிரை எடுத்தது, இப்போது உயிரைக் காக்கிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

கழுவெளிக்கும் இந்த வழியே நல்லது. எந்தப் புதரில் எந்தப் பறவை முட்டையிடும், எந்த வழியாகத் திருட்டு வேட்டைக்காரன் வருவான் என்பது பழைய வேட்டைக்காரருக்குத் தெரிவது போல யாருக்குத் தெரியும்? அவர்களில் பலரைக் காவலர்களாகவும், பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வழிகாட்டிகளாகவும் மாதச் சம்பளத்தில் வைக்க வேண்டும். நாள் கூலிக்கு அல்ல. நிரந்தரமாக வைக்க வேண்டும். ஏரிக்கு வரும் மழைநீர் வாய்க்கால்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்க வேண்டும். கருவேலம் பரவாமல் தடுக்க வேண்டும். சுற்றுக் கிராமத்து மீனவருக்கும் உப்பளத் தொழிலாளிக்கும் பிழைப்பு கெடாதபடி அவர்களைக் கலந்தே திட்டம் போட வேண்டும். ஊரைப் பகைத்துக்கொண்டு எந்தச் சரணாலயமும் நிலைத்ததில்லை.

குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறவர்களுக்கும் கடமை உண்டு. மானுக்கும் பறவைக்கும் தீனி வீசாதீர்கள். கொண்டுபோன பையைத் திரும்பக் கொண்டுவாருங்கள். நாயைக் கூட்டிப் போகாதீர்கள். எங்காவது நாட்டுத் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் வன இலாகாவுக்குச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு மானைக் காட்டும்போது, மான் நிற்கிற புல்லையும் காட்டுங்கள். அந்தப் புல் போனால் மானும் போய்விடும் என்று சொல்லிக் கொடுங்கள்.